தெரிந்தவர் பெயரில் வந்த மின்னஞ்சலால் கோயில் கணினியில் நச்சுநிரல்: இனி எப்படிக் காப்பது?

கேள்வி
எழுதியவர்: சங்கச் செயலாளர், ரோஸ் ஹில்

அனைவருக்கும் வணக்கம். மொரீஷியஸில் ரோஸ் ஹில் பகுதியில் உள்ள ஒரு முருகன் கோயிலின் சங்கத்தில் நான்கு ஆண்டுகளாகச் செயலாளராகப் பணியாற்றி வருகிறேன். தைப்பூசக் காவடிக்கு இன்னும் ஏழு வாரங்களே இருக்கும் நிலையில், எங்கள் அலுவலகக் கணினிக்கு நேர்ந்ததை விரிவாக எழுதி, விவரம் அறிந்தவர்களின் ஆலோசனையைக் கேட்க வந்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் கும்பகோணம் பக்கம் உள்ள ஒரு வணிகரிடம் நாங்கள் ஆண்டுதோறும் பித்தளை விளக்குகளும் பூசைப் பொருள்களும் வாங்குவது வழக்கம். சென்ற மாதம் அவருக்கு எழுதிய மின்னஞ்சலில், ஐந்தடி உயரமுள்ள இரண்டு குத்துவிளக்குகளின் விலையையும் கப்பல் கூலியையும் கேட்டிருந்தேன். மூன்று வாரம் கழித்து, கடந்த செவ்வாய்க்கிழமை காலையில் அவர் பெயரில் பதில் வந்தது. அதன் அடியில் நான் எழுதிய கடிதம் ஓர் எழுத்தும் மாறாமல் அப்படியே இருந்தது. 'குத்துவிளக்கு' என்பதை அவசரத்தில் 'குத்துவிளகு' என்று நான் தட்டச்சு செய்திருந்த பிழைகூட மாறவில்லை. மேலே ஆங்கிலத்தில் இரண்டே வரிகள்: விலைப்பட்டியல் இணைப்பில் இருக்கிறது, திறப்பதற்கான கடவுச்சொல் இது, என்று நான்கு இலக்க எண் ஒன்று கொடுக்கப்பட்டிருந்தது.

இணைப்பு ஒரு ஜிப் கோப்பு. கடவுச்சொல்லைக் கொடுத்துத் திறந்தபோது உள்ளே ஒரு வேர்ட் ஆவணம் இருந்தது. அதில் விலை எதுவும் இல்லை. 'இந்த ஆவணம் பழைய பதிப்பில் உருவாக்கப்பட்டது, படிக்க வேண்டுமானால் மேலே உள்ள மஞ்சள் பட்டையில் எனேபிள் கன்டென்ட் என்பதை அழுத்தவும்' என்னும் பொருளில் ஒரு படம் மட்டும் இருந்தது. நான் அழுத்தினேன். ஒரு கறுப்புச் சாளரம் கண்ணிமைக்கும் நேரம் தோன்றி மறைந்தது. பட்டியல் வரவே இல்லை. வணிகர் தவறான கோப்பை அனுப்பிவிட்டார் என்று நினைத்து, வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை மாலைக்குள் எங்கள் உறுப்பினர்களில் பதினான்கு பேர் தொலைபேசியில் அழைத்துவிட்டார்கள். அவர்கள் எப்போதோ எனக்கு எழுதிய கடிதங்களுக்கு நான் இப்போது பதில் அனுப்பியதுபோல், இணைப்புடன் மின்னஞ்சல்கள் போயிருக்கின்றன. ஒரு மூதாட்டியின் மகன் அதைத் திறந்தும் விட்டார். என் பெயரை நம்பித் திறந்தவருக்கு இப்படி ஆகிவிட்டதே என்று அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அது விண்டோஸ் 10 கணினி. அதில் உள்ள ஆஃபிஸ் மென்பொருள் 2010ஆம் ஆண்டுப் பதிப்பு. மூன்று ஆண்டுகளாகப் பணம் கட்டி வாங்கும் ஆன்டிவைரஸ் ஒன்றும் இருக்கிறது. அது ஓர் எச்சரிக்கையும் தரவில்லை. நிர்வாகக் குழுவில் நான்கு பேர் ஒரே கணக்கில் நுழைந்து அதைப் பயன்படுத்துகிறோம்.

நான் எழுதிய கடிதம் அந்த நச்சு மின்னஞ்சலுக்குள் எப்படி வந்தது? இப்போது கணினியை என்ன செய்வது? இணைப்புகளையே திறக்கக் கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். காவடிக்குப் பெயர் கொடுப்பவர்களின் படிவம், மண்டபத்துக்கான மின்கட்டணம், அன்னதானத்துக்கான அரிசி, பருப்புப் பட்டியல் என எல்லாமே இணைப்பாகத்தான் வருகின்றன. திறக்காமல் அலுவலகம் நடத்த முடியாது. செலவுக்கு அதிகப் பணமும் கிடையாது. அன்புகூர்ந்து வழிகாட்ட வேண்டுகிறேன்.


மறுமொழி 1
எழுதியவர்: கணினிப் பாதுகாப்புப் பொறியாளர், எபேன்

வணக்கம் ஐயா. முதலில் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். விளக்கத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம். அந்தக் கணினியின் இணையக் கம்பியைப் பிடுங்கிவிடுங்கள், வைஃபையை அணைத்துவிடுங்கள். அதிலிருந்து வங்கிக் கணக்கையோ மின்னஞ்சலையோ இனித் தொட வேண்டாம். கடவுச்சொல்லை மாற்றுவதையும் அந்தக் கணினியில் செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் நச்சுநிரல் புதிய கடவுச்சொல்லையும் தட்டச்சு செய்யும்போதே எடுத்துக்கொள்ளக்கூடும். தொற்று இல்லாத வேறொரு கணினியில் அல்லது கைபேசியில் சங்கத்தின் மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றி, மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும்படி அமைத்து, இருபடிச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பையும் கேட்கும் முறையை) தொடங்கிவிடுங்கள். வங்கிக்கும் இன்றே தொலைபேசியில் தெரிவியுங்கள்.

பலர் மறந்துவிடும் ஒன்று: மின்னஞ்சல் அமைப்புகளில் 'ஃபார்வர்டிங்' என்ற பகுதியையும் 'ஃபில்டர்' என்ற பகுதியையும் திறந்து பாருங்கள். கணக்குக்குள் நுழைந்தவர்கள், வரும் கடிதங்களின் நகல் தங்களுக்கும் போகும்படி அங்கே ஒரு விதியை எழுதி வைத்துவிடுவது உண்டு. வங்கியிலிருந்து வரும் எச்சரிக்கைகள் உங்கள் கண்ணில் படாமல் நேரே குப்பைக்குப் போகும்படியும் செய்வார்கள். அந்த விதி இருக்கும் வரை கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் கடிதங்கள் வெளியே போய்க்கொண்டே இருக்கும்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதம் அந்த வணிகரின் கணினியிலிருந்து அல்லது அவருடைய மின்னஞ்சல் கணக்கிலிருந்து திருடப்பட்டிருக்க வேண்டும். முன்பு அவர் கணினியில் நடந்ததுதான் இப்போது உங்கள் கணினியில் நடந்திருக்கிறது. நச்சுநிரல் பழைய கடிதங்களைப் படித்து எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுவதுபோல் ஓரிரு வரிகளைச் சேர்த்து, தன்னையே இணைப்பாக வைத்து அனுப்புகிறது. எமோடெட் என்ற நச்சுநிரல் இம்முறையை மிகப் பெரிய அளவில் கையாண்டது. 2014இல் வங்கிக் கணக்குகளைத் திருடும் நிரலாகத் தோன்றிய அதை, ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல் உள்ளிட்ட அமைப்புகளும் பல நாடுகளின் காவல் துறைகளும் சேர்ந்து 2021 ஜனவரியில் முடக்கின. ஆனாலும் அதே ஆண்டு நவம்பரில் அது மீண்டும் தலைகாட்டியது. அதன் வழியைப் பின்பற்றும் வேறு நிரல்களும் இருக்கின்றன. உங்களிடம் வந்தது எது என்பதைக் கோப்பைப் பார்க்காமல் சொல்ல முடியாது. செய்ய வேண்டியவை எதுவானாலும் இவைதான்.

'தெரியாதவர்களிடமிருந்து வரும் இணைப்பைத் திறக்காதீர்கள்' என்று பல ஆண்டுகளாக நாங்களே எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தோம். அந்த அறிவுரை போதாது என்பதை நான் மனம் வருந்தி ஒப்புக்கொள்கிறேன். 1999 மார்ச் 26 அன்று பரவத் தொடங்கிய மெலிசா என்ற நச்சுநிரலே, தொற்றிய கணினியின் முகவரிப் புத்தகத்தில் உள்ள முதல் ஐம்பது பேருக்குத் தன்னை அனுப்பிக்கொண்டது. பெற்றவர்கள் எல்லாருக்கும் அது தெரிந்தவரிடமிருந்து வந்த கடிதம்தான். எனவே 'அனுப்பியவர் யார்' என்று கேட்பதைவிட, 'இந்தக் கோப்பை நான் எதிர்பார்த்தேனா, இது என்னை என்ன செய்யச் சொல்கிறது' என்று கேட்பதே பயன் தரும். நீங்கள் விலைப்பட்டியலை எதிர்பார்த்தீர்கள் என்பது உண்மை. ஆனால் விலைப்பட்டியலுக்கு எதற்குக் கடவுச்சொல்? பூட்டிய பெட்டியையும் சாவியையும் ஒரே பையில் வைத்து அனுப்பினால் அந்தப் பூட்டு திருடனுக்காகப் போட்டது அன்று. ஜிப் கோப்பைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டினால், வழியில் உள்ள மின்னஞ்சல் சேவையின் சோதனை நிரலால் பெரும்பாலும் உள்ளே பார்க்க முடியாது. அந்தச் சோதனையைத் தாண்டுவதற்காகவே பூட்டியிருக்கிறார்கள். உங்கள் ஆன்டிவைரஸ் ஏமாந்ததற்கும் அது ஒரு காரணமாக இருக்கலாம்; மற்றொரு காரணம், அன்று காலையில் புதிதாக மாற்றி எழுதப்பட்ட கோப்பின் அடையாளம் அதன் பட்டியலில் இன்னும் ஏறியிருக்காது என்பதே.

மஞ்சள் பட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இணையத்திலிருந்து வந்த வேர்ட், எக்செல் கோப்பை ஆஃபிஸ் முதலில் படிக்க மட்டுமே முடிகிற பாதுகாப்பு நிலையில் திறக்கும். படிப்பதற்கு அதுவே போதும். 'எனேபிள் கன்டென்ட்' என்பது, அந்தக் கோப்புக்குள் ஒளிந்திருக்கும் மேக்ரோ என்ற சிறு நிரலை உங்கள் கணினியில் இயங்க விடுவதற்கான ஒப்புதல். கறுப்புச் சாளரம் தோன்றி மறைந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அந்த நேரத்தில்தான் மேக்ரோ வெளியிலிருந்து உண்மையான நச்சுநிரலை இறக்கியிருக்கும். இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை ஒரே அழுத்தில் இயக்க முடியாதபடி மைக்ரோசாஃப்ட் 2022ஆம் ஆண்டு தடுத்தது. ஆனால் உங்களிடம் இருக்கும் 2010 பதிப்புக்கு 2020 அக்டோபரிலேயே ஆதரவு முடிந்துவிட்டதால், அந்தத் தடுப்பு உங்களுக்கு வரவில்லை. புதிய பதிப்பை வாங்கப் பணம் இல்லையென்றால் லிப்ரே ஆஃபிஸ் என்ற இலவச மென்பொருளுக்கு மாறிவிடுங்கள். கணக்கு எழுதவும் கடிதம் எழுதவும் அது தாராளமாகப் போதும்.

மேக்ரோ வழி அடைபட்டதும் திருடர்கள் வேறு வாசல்களைத் தேடினார்கள். ஐஎஸ்ஓ என்ற வட்டுப் பிம்பக் கோப்பு, எல்என்கே என்ற குறுக்குவழிக் கோப்பு, 2023 தொடக்கத்தில் ஒன்நோட் கோப்பு, ஹெச்டிஎம்எல் கோப்பு என்று மாறிக்கொண்டே வந்தார்கள். ஆகவே வேர்டை மட்டும் அஞ்சிப் பயனில்லை. கோயில் அலுவலகத்துக்கு ஐஎஸ்ஓ கோப்பு அனுப்ப வேண்டிய தேவை யாருக்கும் இருக்காது. வந்தால் தயக்கமின்றி அழித்துவிடுங்கள்.

கணினியைப் பொறுத்தவரை, விண்டோஸில் 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன்' என்ற சோதனை இருக்கிறது. விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே அது ஓடுவதால், ஒளிந்துகொள்ளும் நிரல்களும் அகப்பட வாய்ப்பு அதிகம். ஆனால் இரண்டு நாள் உள்ளே இருந்த நச்சுநிரல் வேறு எதையெல்லாம் அழைத்து வந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சங்கத்தின் பணம் புழங்கும் கணினி என்பதால் வட்டை முழுவதும் அழித்து விண்டோஸை மறுபடி நிறுவுவதே என் தெளிவான பரிந்துரை. ஆவணங்களையும் படங்களையும் மட்டும் ஒரு வட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். நிரல்களை எடுக்க வேண்டாம். மறுபடி நிறுவும்போது, கணினி தாங்குமானால் விண்டோஸ் 11க்கே போய்விடுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது.

நான்கு பேருக்கும் நான்கு தனிக் கணக்குகள் வேண்டும். அவை நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்குகளாக இருக்க வேண்டும். நிர்வாகிக் கணக்கு ஒன்றை மென்பொருள் நிறுவும்போது மட்டும் பயன்படுத்துங்கள். அப்போது தவறுதலாக ஏதாவது ஓடினாலும் கணினியின் அடித்தளம் வரை அதனால் எளிதில் கை வைக்க முடியாது. ஆன்டிவைரஸுக்குத் தனியாகப் பணம் கட்டுவதும் தேவையில்லை. விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரை நாள்தோறும் புதுப்பித்து வந்தால் உங்கள் அலுவலகத்துக்கு அது போதும் என்பதே என் கருத்து. மிச்சமாகும் தொகையில் ஒரு வெளிவட்டு வாங்குங்கள்.


மறுமொழி 2
எழுதியவர்: தமிழாசிரியை, போர்ட் லூயிஸ்

செயலாளர் ஐயாவுக்கு வணக்கம். மேலே பொறியாளர் தம்பி கடைசி வரியில் சொன்ன வெளிவட்டைப் பற்றி நான் எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் அது இருந்தும் நான் பதினோர் ஆண்டு உழைப்பை இழந்தவள்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்காக நான் தயாரித்த பாடங்கள், உயிர்மெய் எழுத்து அட்டைகள், எங்கள் ஊர் மூத்தவர்கள் சொல்லக் கேட்டுத் தட்டச்சு செய்து வைத்திருந்த தாலாட்டுகள் எல்லாம் என் மடிக்கணினியில் இருந்தன. அவற்றின் நகலை ஒரு வெளிவட்டில் வைத்திருந்தேன். எடுத்து மாட்டுவது தொல்லை என்று வட்டைக் கணினியிலேயே செருகி விட்டிருந்தேன். ஒரு நாள் பிரெஞ்சு மொழியில் ஒரு கூரியர் நிறுவனத்தின் பெயரில் மின்னஞ்சல் வந்தது. பொதி ஒன்று சுங்கத்தில் நிற்பதாகவும் விவரம் இணைப்பில் இருப்பதாகவும் எழுதியிருந்தது. சென்னையிலிருந்து புத்தகப் பொதி ஒன்றை நான் அப்போது உண்மையிலேயே எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். இணைப்பின் பெயர் 'ஃபக்தூர்' (பிரெஞ்சில் விலைச்சீட்டு), அதன் முடிவில் புள்ளியும் பிடிஎஃப் என்ற எழுத்துகளும், பக்கத்தில் சிவப்பு நிறத்தில் பிடிஎஃப் படமும் இருந்தன. திறந்தேன்.

ஏறத்தாழ இருபது நிமிடம் கழித்து ஒரு பாடக் கோப்பைத் திறக்கப் போனால், அதன் நீல நிற வேர்ட் படம் மாறி வெறும் வெள்ளைத் தாள் படமாக இருந்தது. பெயருக்குப் பின்னால் பொருளில்லாத எழுத்துகள் நீளமாக ஒட்டிக்கொண்டிருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கோப்பு வெள்ளையானது, அதற்கடுத்ததும் வெள்ளையானது. வெளிவட்டின் பச்சை விளக்கு நிற்காமல் மின்னிக்கொண்டிருந்தது. அது ஏன் மின்னுகிறது என்று எனக்கு விளங்கியபோது வட்டில் இருந்தவையும் முக்கால் பங்கு பூட்டப்பட்டுவிட்டன. பிறகு பணம் கேட்டு ஓர் அறிவிப்பு வந்தது. நான் கொடுக்கவில்லை. கொடுத்தவர்கள் எல்லாருக்கும் கோப்புகள் திரும்பக் கிடைத்ததும் இல்லை.

பின்னால் என் சகோதரர் மகன் பார்த்துச் சொன்னான்: அந்தக் கோப்பின் பெயர் பிடிஎஃப் என்று முடியவில்லை, அதற்குப் பிறகும் ஒரு புள்ளியும், இயங்கும் நிரலைக் குறிக்கும் இஎக்ஸ்இ என்ற எழுத்துகளும் இருந்தன. விண்டோஸ் தனக்குத் தெரிந்த பின்னொட்டுகளை இயல்பாகவே மறைத்துக் காட்டுவதால் கடைசிப் பகுதி என் கண்ணுக்குத் தெரியவில்லை. 2000 மே 4 அன்று மணிலாவிலிருந்து கிளம்பி உலகையே அலைக்கழித்த 'ஐ லவ் யூ' நச்சுநிரலும் இதே மறைப்பைப் பயன்படுத்தியதுதான். காதல் கடிதம் என்ற பெயரோடு, வெறும் எழுத்துக் கோப்பைக் குறிக்கும் டிஎக்ஸ்டி என்று காட்டிக்கொண்டு, உண்மையில் விபிஎஸ் என்று முடிந்த நிரல் அது. அந்த அமைப்பை இன்றும் நாமே தேடிப் போய் மாற்ற வேண்டியிருக்கிறது என்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. விண்டோஸ் 11 ஆனால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ', அதற்குள் 'ஷோ', அதற்குள் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். அரை நிமிட வேலை. அதன்பின் ஒவ்வொரு கோப்பின் முழுப் பெயரும் தெரியும். கடைசிப் புள்ளிக்குப் பின் வருவதே அதன் உண்மையான இனம்.

தமிழ் எழுதுவோருக்கு உள்ள ஓர் ஆபத்தையும் சொல்கிறேன். யூனிகோடு பரவுவதற்கு முன் எழுதிய கோப்புகள் நம் சங்கங்களில் நிறைய இருக்கின்றன. அவற்றைப் படிக்கப் பழைய எழுத்துரு வேண்டும் என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் 'எழுத்துரு நிறுவும் நிரல்' என்று ஏதோ ஒன்றை மின்னஞ்சலில் அனுப்ப, அது கைமாறிக் கைமாறி நடக்கிறது. எழுத்துருக் கோப்பு பெரும்பாலும் டிடிஎஃப் என்றோ ஓடிஎஃப் என்றோ முடியும். இஎக்ஸ்இ என்று முடியும் எழுத்துருவை யார் அனுப்பினாலும், என் தலைமையாசிரியரே அனுப்பினாலும், நான் இப்போது திறப்பதில்லை.

காப்பு நகலை இப்போது இரண்டு வட்டுகளில் வைக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை ஒன்றை மாட்டி, நகல் எடுத்து, கழற்றிவிடுவேன். அடுத்த வாரம் மற்றது. ஒரு வட்டு எப்போதும் வாக்வாவில் என் தங்கை வீட்டில் இருக்கும். 2024 ஜனவரி 15 அன்று பெலால் சூறாவளியின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களையே இழுத்துப் போனதை நாம் எல்லாரும் பார்த்தோமே. இரண்டு வட்டும் ஒரே அலமாரியில் இருந்தால் நச்சுநிரலிடமிருந்து தப்பியதைத் தண்ணீர் கொண்டுபோகும்.


மறுமொழி 3
எழுதியவர்: பல்கலைக்கழக மாணவர், மோக்கா

அனைவருக்கும் வணக்கம். எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. செயலாளர் ஐயாவின் அலுவலகத்தில் வரும் இணைப்புகளில் பெரும்பாலானவை பார்த்தால் போதும் என்ற வகையைச் சேர்ந்தவை. அவற்றைக் கணினியில் இறக்காமல், மின்னஞ்சலுக்குள்ளேயே உலாவியில் பார்க்கும் வசதி ஜிமெயிலிலும் அவுட்லுக்கிலும் இருக்கிறது. அங்கே கோப்பு சேவையாளரின் கணினியில் திறக்கப்பட்டு, அதன் தோற்றம் மட்டுமே நம் திரைக்கு வருகிறது. மேக்ரோ நம்மிடம் ஓடாது. அன்னதானப் பட்டியலைப் படிக்க இதுவே போதும். பதிவுப் படிவங்களை இணைப்பாக வாங்குவதையும் நிறுத்திவிட்டு, இணையப் படிவம் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். நூறு கோப்புகளை எச்சரிக்கையோடு திறப்பதைவிட, திறக்க வேண்டியவற்றைப் பத்தாகக் குறைப்பது எளிது.

ஐயம் தரும் கோப்பை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்க்கலாம்; பல ஆன்டிவைரஸ் நிரல்கள் ஒரே நேரத்தில் அதைச் சோதிக்கும். ஆனால் அங்கே ஏற்றும் கோப்புகள் பாதுகாப்பு ஆய்வாளர்களுடன் பகிரப்படுகின்றன. உறுப்பினர்களின் பெயரும் அடையாள எண்ணும் உள்ள எதையும் அங்கே ஏற்றக் கூடாது.


மறுமொழி 4
எழுதியவர்: கணினிப் பாதுகாப்புப் பொறியாளர், எபேன்

மாணவர் சொல்வது மிகவும் சரி. உலாவியில் பார்க்கும் பழக்கத்தை நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். உலாவியில் திறந்த கோப்புக்குள் 'முழு ஆவணத்தைக் காண இங்கே அழுத்தவும்' என்று ஓர் இணைய முகவரி இருந்து, அது மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கேட்டால், அங்கே நச்சுநிரலே தேவையில்லை. கடவுச்சொல்லை நாமே கையில் கொடுத்துவிடுகிறோம்.

ஆசிரியை அம்மாவுக்கு: பூட்டப்பட்ட அந்த வட்டை நீங்கள் தூக்கி எறிந்துவிடவில்லை என்றால் வைத்திருங்கள் அம்மா. நெதர்லாந்துக் காவல் துறையும் யூரோபோலும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016 ஜூலையில் 'நோ மோர் ரான்சம்' என்ற தளத்தைத் தொடங்கின. சில வகைப் பூட்டுகளுக்கு உரிய திறவுகோல்கள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. பூட்டிய கோப்பு ஒன்றையும் பணம் கேட்ட அறிவிப்பையும் கொடுத்தால் எந்த வகை என்று அத்தளம் சொல்லும். எல்லாவற்றுக்கும் திறவுகோல் இல்லை. ஆனால் இன்று இல்லாதது பின்னால் சேர்க்கப்படுவதும் உண்டு. அந்தத் தாலாட்டுகளுக்காகவாவது ஒருமுறை முயன்று பாருங்கள்.


மறுமொழி 5
எழுதியவர்: சங்கச் செயலாளர், ரோஸ் ஹில்

உங்கள் எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை முழுவதும் பொருளாளரும் நானும் அமர்ந்து, சொன்னபடி செய்தோம். ஃபில்டர் பகுதியைத் திறந்தபோது எனக்குக் கை நடுங்கியது: 'பேங்க்' என்ற சொல் உள்ள எல்லாக் கடிதங்களையும் படித்ததாகக் குறித்து ஒதுக்கிவிடும் விதி ஒன்று அங்கே இருந்தது. நாங்கள் யாரும் அதை எழுதவில்லை. அதை நீக்கினோம். வங்கியில் பேசிவிட்டோம், பணம் எதுவும் போகவில்லை. கணினியைக் குழு உறுப்பினர் ஒருவரின் மகள் மறுபடி நிறுவித் தந்தார்.

கும்பகோணத்து வணிகருக்கும் தொலைபேசியில் பேசினேன். அவருக்கு எதுவுமே தெரியாது. அவர் விலைப்பட்டியலே அனுப்பவில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அவர் எந்தக் கடிதத்தையும் 'முருகன் துணை' என்று மேலே எழுதாமல் தொடங்கியதில்லை. எனக்கு ஒரு முறைகூட ஆங்கிலத்தில் எழுதியதும் இல்லை. ஒன்பது ஆண்டுப் பழக்கம். அந்த இரண்டு வரியைப் படித்தபோதே நான் கவனித்திருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு ஐயங்கள். விளக்குக்கு முன்பணம் அனுப்ப வேண்டியிருக்கிறது; அவருடைய வங்கிக் கணக்கு விவரமும் மின்னஞ்சலில்தான் வரும். அதை நம்பலாமா? எங்கள் உறுப்பினர் பட்டியலில் முந்நூற்றுக்கு மேற்பட்டோரின் முகவரியும் பிறந்த தேதியும் இருந்தன. அது வெளியே போயிருந்தால் நாங்கள் யாரிடம் சொல்ல வேண்டும்?


மறுமொழி 6
எழுதியவர்: கணினிப் பாதுகாப்புப் பொறியாளர், எபேன்

முன்பணத்தைப் பற்றிக் கேட்டது நல்லதாயிற்று ஐயா. கடிதங்களைத் திருடுபவர்களுக்கு அதில்தான் பெரிய ஆதாயம். உரிய நேரத்தில் உரையாடலுக்குள் நுழைந்து, 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய எண் இது' என்று ஒரு வரி எழுதினால் போதும். மின்னஞ்சலில் அனுப்புநர் பெயர் என்பது உறையின் மேல் எழுதிய பெயர் போன்றது. யாரும் எதையும் எழுதலாம். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற சரிபார்ப்புகள் பொய் முகவரிகளை ஓரளவு தடுக்கின்றன. ஆனால் வணிகரின் கணக்கே திருடர் கையில் இருந்தால் அந்தச் சோதனைகள் எல்லாம் சரி என்றே சொல்லும், ஏனென்றால் கடிதம் உண்மையிலேயே அவர் கணக்கிலிருந்துதான் வருகிறது. ஆகவே பணம் அனுப்பும் முன் தொலைபேசியில் பேசி, கணக்கு எண்ணை அவர் வாயால் சொல்லக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தொலைபேசி எண்ணைப் புதிய மின்னஞ்சலிலிருந்து எடுக்காமல், பழைய ரசீதிலிருந்து எடுங்கள். இங்கே காலை 9 மணி என்றால் அங்கே 10.30, கடை திறந்திருக்கும். அவர் கணினியைச் சுத்தம் செய்து கடவுச்சொல்லை மாற்றும் வரை, அவர் பெயரில் வரும் எந்த இணைப்பையும் திறக்க வேண்டாம்.

உறுப்பினர் பட்டியல் வெளியே போயிருக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டே செயல்படுங்கள். நம் நாட்டின் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தனிநபர் விவரங்கள் கசிந்தது தெரிய வந்தால், இயன்ற வரை 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். வியாழக்கிழமை மாலையிலிருந்து கணக்கிட்டால் அந்த நேரம் நெருங்கிவிட்டது அல்லது கடந்துவிட்டது. தாமதத்துக்கான காரணத்தையும் சேர்த்து இன்றே அனுப்பிவிடுங்கள். மின்குற்றம் என்ற முறையில், நம் நாட்டின் கணினிப் பாதுகாப்பு அவசர உதவிக் குழுவான செர்ட்-எம்யூ நடத்தும், மின்குற்றப் புகார்களுக்கான மாக்கோர்ஸ் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். நச்சு மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருந்தால் அவர்களுக்கு உதவும்.

உறுப்பினர்களுக்கு மின்னஞ்சலில் எச்சரிக்கை அனுப்ப வேண்டாம். சங்கத்தின் பெயரில் வரும் கடிதத்தை இப்போது அவர்கள் ஐயுறுவதே நல்லது. வாட்ஸ்அப் குழுவில் உங்கள் குரலிலேயே பதிவு செய்து சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை பூசைக்குப் பின் கோயிலிலும் அறிவியுங்கள். அந்த மூதாட்டியின் மகனுக்கு மட்டும் நேரில் போய்விடுங்கள் ஐயா. அவர் கணினியின் இணையக் கம்பி இன்னும் செருகியே இருக்கலாம்.